யார் சொல்லிப் புறப்படுகிறோம்?

இலங்கை மலையகத்துப் பன்விலயிலிருந்து கடல் தெரியாது. நக்கிள்ஸ் மலையும் தேயிலையும் மூடுபனியும்தான் கண்ணுக்கு எட்டுபவை. ஆனாலும் ஹுலுகங்கையில் இறங்கும் தண்ணீர் மகாவலியோடு சேர்ந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. தோட்டத்துக் குடும்பங்களில் கடல் தாண்டிய ஒரு கணவன் மனைவியின் கதை இல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் ஒரு தலைமுறை, போனவர்கள் இன்னொரு தலைமுறை.

காப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள், பழம் பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் காப்பியை அழிக்க, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும், அதிலும் பெண்கள் வேண்டும். புருஷனும் பெண்சாதியுமாகக் கடல் தாண்டுவது அதற்குப் பிறகுதான் வழக்கமானது. ஆள் சேர்க்கும் கங்காணி பேசியதும் முன்பணம் கொடுத்ததும் ஆணிடம். அவளை யாராவது கேட்டார்களா? எங்கள் பாட்டிகள் சொன்ன எந்தக் கதையிலும் அப்படி ஒரு பேச்சு வரவில்லை.

கடல் தாண்டிய வேறு தம்பதிகளின் கதைகளும் உண்டு. ஓய்வு பெற்றபின் நானும் என் வீட்டுக்காரரும் பாய்மரப் படகில் உலகம் சுற்றிய தம்பதிகளைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கிறோம். அமெரிக்கரான லின் பார்டியும் கனடாக்காரரான அவர் கணவர் லாரியும் தாங்களே கட்டிய 24 அடிப் படகில், எஞ்சின் இல்லாமல், ஆண்டுக்கணக்காக உலகைச் சுற்றினார்கள். என் மனதில் தங்கிவிட்டவர்கள் வேறு இருவர்: இங்கிலாந்தின் டர்பி நகரத்து மோரிஸ் பெய்லியும் மாரலினும்.

வீட்டை விற்றுப் படகு வாங்கலாம் என்ற யோசனை மாரலினுடையது. அவருக்கு நீந்தத் தெரியாது. இருவர் பெயரையும் இணைத்துப் படகுக்கு ‘ஆரலின்’ என்று பெயர் வைத்து, 1972இல் நியூசிலாந்தை நோக்கிப் புறப்பட்டார்கள். பனாமா கால்வாயைத் தாண்டிய பிறகு, 1973 மார்ச் 4ஆம் தேதி காலையில் ஒரு திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கியது. காற்றடைத்த மிதவை ஒன்றும் சிறு ரப்பர் படகு ஒன்றும் மிஞ்சின. அவற்றைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு 117 நாள் பசிபிக்கில் மிதந்தார்கள். மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள். ஊக்கை வளைத்துத் தூண்டில் செய்து மீன் பிடித்தார்கள், ஆமையையும் கடற்பறவையையும் தின்றார்கள். பல கப்பல்கள் அவர்களைக் காணாமலே கடந்துபோயின. ஜூன் 30ஆம் தேதி ஒரு தென்கொரிய மீன்பிடிக் கப்பல்தான் அவர்களைத் தூக்கியது.

மோரிஸ் கடலோடும் கலையை நன்றாகக் கற்றவர். ஆனால் மிதவையில் அவர் மனம் உடைந்துபோனார். உடையாமல் நின்றவர் மாரலின். நாட்குறிப்பு எழுதினார், காகிதத்தில் சீட்டுக்கட்டு செய்து அவரை விளையாட வைத்தார், கரையேறியதும் கட்டப்போகும் அடுத்த படகை உட்கார்ந்து வரைந்தார். அந்தப் படகை இருவரும் பிறகு கட்டவும் செய்தார்கள், மறுபடி கடலுக்குப் போகவும் செய்தார்கள். இவ்வளவு தாங்கும் பலம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் நெடுநாள் யோசித்தேன். அந்தப் பயணம் அவருடையது. அவரே விரும்பிக் கேட்டது. மூழ்கியதும் அவருடைய படகுதான் என்பதால், யாரையும் நொந்துகொள்ளும் வேலை அவருக்கு இருக்கவில்லை. என் முடிவு இதுதான்.

இந்த இடத்தில் எனக்குப் பெரியம்மாவின் நினைவு வருகிறது.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் தோட்டத்து மக்களைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தம் செய்யும்போது, தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த யாரையும் யாரும் கேட்கவில்லை. மலையக மக்களுக்கு நேர்ந்த அந்த அநியாயத்தைப் பற்றி நாம் இன்றும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அதே அநியாயம் லயத்து வீடுகளுக்குள்ளும் நடந்தது. பெரியப்பா இந்தியாவுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் பெரியம்மாவுக்கு விஷயம் தெரியும். அவருடைய அம்மாவும் தங்கைகளும் இங்கேயே தங்குகிறவர்கள்.

கண்டி ரயில் நிலையத்தில் கோச்சி ஏறினார்கள். அழுகைக் கோச்சி என்றுதான் அதற்குப் பேர். தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டம். கடலில் கழிந்தது சில மணி நேரம்தான். ஆனால் திரும்பி வர முடியாத பயணத்துக்கு நாள்கணக்கு ஏது? போன இடத்தில் ‘சிலோன்காரன்’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பெரியப்பா ஒடுங்கிப்போனார். பெரியம்மாதான் வேலைக்குப் போனார், ரேஷன் அட்டைக்கு அலைந்தார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார். மாரலினுக்குக் குறையாத தைரியம் அது. ஆனால் தன் அம்மாவின் சாவுக்கு வர முடியாமல் போனதற்காக அவர் கணவரை மன்னிக்கவேயில்லை. 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோனது. ஒரே கூரையின் கீழ் இருவரும் கடைசிவரை வாழ்ந்தார்கள், பேச்சு மட்டும் குறைந்துகொண்டே போனது. கேட்டிருந்தால் பெரியம்மா சரி என்றே சொல்லியிருக்கலாம். கேட்காததுதான் வலித்தது.

நீண்ட கடற்பயணத்தில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் சுக்கானைப் பார்க்க வேண்டும். இந்தியக் கடற்படையின் ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர். அவரும் கேரளத்துத் தில்னாவும் ‘தாரிணி’ பாய்மரப் படகில் 2024 ஒக்டோபர் 2ஆம் தேதி கோவாவில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். எத்தனையோ இரவுகள் ஒருவர் கையில் மற்றவர் உயிர். அப்படி நம்பிக் கண்மூட வேண்டுமானால், கரையில் இருக்கும்போதே இருவர் சொல்லுக்கும் ஒரே எடை இருக்க வேண்டும். கடல் நடுவில் அதைப் புதிதாகச் செய்ய முடியாது. கல்யாணத்திலும் அப்படித்தான் என்று நான் நம்புகிறேன்.

2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. அதில் போய்ப் பெரியம்மாவின் பிள்ளைகளைப் பார்த்துவர வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் ஆசை. “உனக்கு என்ன தோணுது?” என்று கேட்டார், பிறகு அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். எனக்குக் கடலென்றால் பயம், அதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். யோசித்துச் சரி என்றேன். பயண விண்ணப்பத்தை ஆளுக்கொன்றாக அவரவர் கையாலேயே நிரப்பினோம்.

இன்றைக்கும் பன்விலயிலிருந்து ஆட்கள் கொழும்புக்கும் கட்டாருக்கும் கனடாவுக்கும் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கும், குடும்பத்தை விட்டுப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஏஜென்சிக்குக் காசு கட்டும் முன்னால், காணியை அடகு வைக்கும் முன்னால், கூட வாழ்கிறவரை உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்பதையும் பொறுமையாகக் கேளுங்கள்.