கடாரங்கொண்டானும் கடாரத்தாரும்

பினாங்கிலிருந்து அக்கரை சென்று வடக்கே போனால், மெர்போக் ஆற்றை அடுத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு உளது. நம் மேடைகளில் முழங்கும் கடாரம் இதுவே என்பர் சரித்திர ஆசிரியர் பலர். 1025-ல் இராசேந்திர சோழன் படை வந்தது. 'கடாரங்கொண்டான்' என்ற பட்டமும் பிறந்தது. நம்மவர் சரித்திரத்தை அவ்வளவில் நிறுத்திவிடுகின்றனர். கொள்ளப்பட்ட ஊரில் குடியிருந்தவர் யாவர் என்று கேட்பாரில்லை.

கேட்டால் மண் விடை சொல்லும். சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைக்களங்களும், உலைக்குக் காற்றூதும் களிமண் குழாய்களும், ஆற்றோரத் துறைமேடைகளும் வெளிப்பட்டன. ஓடங்கள் அணைந்த அவ்விடத்தை இன்று செம்பனை சூழ்ந்துள்ளது. துருத்தி ஊதியவன் பெயரை எக்கல்வெட்டிலும் யான் கண்டிலேன். தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இது புதிதன்று. ஆலைக்குப் போகும் சீட்டில் குலையின் எடை உண்டு, வெட்டினவன் பெயர் இல்லை.

2013-ல் அப்பள்ளத்தாக்கில் பதினோராம் எண் 'சண்டி' என்னும் பழங்கோயிலை வீட்டுமனை நிறுவனமொன்று தரைமட்டமாக்கிற்று. நம்மவர் கொதித்தனர்; நியாயமே. ஆயினும் ஓர் ஐயம். கடாரத்தில் வாரிய பொருட்குவியலைச் சோழன் மெய்க்கீர்த்தியே பெருமையாய்ப் பேசுகிறது. இடித்தவனைச் சினக்கும் நாம், கொள்ளையிட்டவனை எந்நியாயத்தால் கொண்டாடுகிறோம்? அவன் நம் அரசன் என்பது ஒரு விடையாகுமா?