பதக்கம் வாங்காதவரின் நீச்சல்

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை பட்டாளத்துக்குப் பேர்போன ஊர். காயத்தோடு திரும்புகிற பட்டாளத்துக்காரரிடம் நாம ரெண்டு கேள்விதான் கேட்போம்: பென்ஷன் வருதா? ஆம்பூர் ஷூ கம்பெனியில வாட்ச்மேன் வேலையாவது கிடைச்சுதா? ‘பொழுதுக்கு என்ன விளையாடுறீங்க?’ன்னு கேட்க மாட்டோம்.

முர்லிகாந்த் பெட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டடிபட்டார். சிகிச்சையாகத்தான் நீச்சலுக்கு வந்தார். 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்றார்.

இந்தக் கதையைப் பதக்கத்தோடு முடித்துவிடுகிறோம். எனக்கு உறுத்துவது அதுதான். பதக்கமும் இல்லாமல், மனசும் முழுசாக ஆறாமல், சும்மா நீந்திக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தண்ணீர் வீணா?

பலிக்காத மருந்தை நிறுத்திவிடலாம். விளையாட்டையும் மருந்தாக மட்டுமே கொடுத்தால், குணமாகாதவரிடமிருந்து அதையும் பிடுங்க ஒரு நியாயம் கிடைத்துவிடும். உடம்பைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு, எந்தப் பலனையும் நிரூபிக்கத் தேவையில்லாத ஒரு மணி நேரம் நாம் தரவேண்டிய பாக்கி.