தெரிந்த முகம்

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ஊர்க் கிளை ஒன்றை நடத்துவதென்றால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதிலில் அறிவியலே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பறைச் சாவியை யாரிடம் வாங்குவது, துளிர் இதழ்க் கட்டு வந்து இறங்கியதும் எந்தெந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது, சந்தா முடிந்தவர்களுக்கு மனம் கோணாமல் எப்படி நினைவூட்டுவது, ரசீது புத்தகத்தின் அடிக்கட்டை தொலையாமல் யார் பார்த்துக்கொள்வது, மாவட்ட மாநாட்டுக்கு யாரை அனுப்புவது. இவைதான் பெரும்பாலான நாட்களில் கிளையின் வேலை. பத்துப் பேர் வருவதாகச் சொல்லிவிட்டு மூன்று பேர் வந்தால், அந்த மூன்று பேரோடு கூட்டத்தை நடத்தி மினிட் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியாக வேண்டும். வராத ஏழு பேர் மீது கோபப்படவும் கூடாது. அவர்கள் அடுத்த மாதம் வருவார்கள்.

1980ல் சென்னையில் விஞ்ஞானிகளும் ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய இயக்கம் இது. அதற்கு முன்பே, 1962ல், கேரளத்தில் மலையாளத்தில் அறிவியல் எழுதுபவர்கள் கூடித் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராக அலகுகள் அமைத்து வழி காட்டியிருந்தது. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டலாமா என்ற கேள்வியைச் சாதாரண மக்கள் நடுவே கொண்டுபோய் விவாதித்தவர்கள் பரிஷத்காரர்கள். 1984ல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பக்கத்தில் 1987ல் குழந்தைகளுக்கான துளிர் வந்தது. அதன் பிறகு அறிவொளி எழுத்தறிவு இயக்கம், குழந்தைகள் அறிவியல் மாநாடு, துளிர் இல்லங்கள் என்று வரலாறு நீளும். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 51அ பிரிவு சொல்கிறது. சட்டத்தில் எழுதிய வாக்கியம் ஊருக்குள் எப்படி வந்து சேரும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதைக் கிளைகள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது கிளை எதற்கு என்று நல்ல மனிதர்களே கேட்கிறார்கள். உலகத்தின் சிறந்த பேராசிரியர் கைபேசிக்குள் வந்து பாடம் நடத்துகிறார். கருந்துளை பற்றித் தமிழிலேயே நூறு காணொளி கிடைக்கிறது. இதில் ஒரு அரசுப் பள்ளி வராந்தாவில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து என்ன செய்துவிடப் போகிறீர்கள்? நியாயமான கேள்வி. பதிலுக்கு, 2019 டிசம்பர் 26 அன்று எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று கங்கண சூரிய கிரகணம். காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றே கால் வரை. கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளையம் தெரியும் பாதை போயிற்று. திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களான எங்களுக்கு ஒன்பதரை மணிவாக்கில் மூன்று நிமிடம் போல முழு வளையம். மாதக்கணக்கில் தயாரானோம். பழைய ரப்பர் பந்தில் மணல் நிரப்பி, சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் விரல் நுனி அளவு துளை விட்டு, பந்தின் மேல் ஒட்டினோம். அதை வெயிலில் வைத்து இருட்டறைக்குள் திருப்பினால், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் சூரியன் ஒன்பது சென்டிமீட்டர் வட்டமாக வந்து விழும். கண்ணுக்கு ஒரு ஆபத்தும் இல்லை, ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். அதுவும் வேண்டாமென்றால் வீட்டுச் சல்லடையை வெயிலில் பிடித்தால் போதும். ஒவ்வொரு ஓட்டையும் தரையில் ஒரு குட்டிச் சூரியனைப் போடும்.

துண்டறிக்கை கொடுத்தோம். நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து முந்தின வாரமே அருமையாகப் பேசிவிட்டுப் போனார். கிரகணத்தன்று காலை எட்டரை வரை பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும்தான் மைதானத்தில் இருந்தார்கள். கிரகண நேரத்தில் வெளியே வரக்கூடாது, சாப்பிடக்கூடாது என்ற பயத்தில் தெருக்கள் அடைத்துக் கிடந்தன. எங்கள் கிளையில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் பொருளாளர். அவர் தன் தெரு முனைக்குப் போய், சல்லடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார். அவ்வளவுதான் செய்தார், பேசவில்லை. முதலில் ஒரு கதவு திறந்தது. "ஏத்தா, நீயே வெளிய நிக்கிறியா?" என்று ஒரு அப்பத்தா கேட்டார். "வந்து பாருங்கப்பத்தா, தரையில பிறை பிறையா விழுது" என்றார் அக்கா. அப்பத்தா வந்தார், மருமகள் வந்தார், இடுப்பில் பிள்ளையோடு பக்கத்து வீட்டுக்காரி வந்தார். வளையம் தெரிந்தபோது அந்தத் தெருவில் பாதிப் பேர் சல்லடையோடு நின்றார்கள்.

பேராசிரியர் சொன்னதில் ஒரு சொல் பிழை இல்லை. துண்டறிக்கையிலும் பிழை இல்லை. ஆனால் அந்த அப்பத்தா துண்டறிக்கையை நம்பி வெளியே வரவில்லை. ரவிக்கை அளவு பிசகினால் காசு வாங்காமல் பிரித்துத் தைத்துக் கொடுக்கிற ஒருத்தி வெளியே நிற்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் நம்மிடம் பொய் சொல்ல மாட்டாள். இதுதான் அவர் போட்ட கணக்கு. இதைப் படிக்காதவர்களின் பலவீனம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படித்த நாமும் அப்படித்தான் நம்புகிறோம். தடுப்பூசியின் ஆய்வுத் தாளை நம்மில் எத்தனை பேர் வாசித்தோம்? தெரிந்த மருத்துவர் போட்டுக்கொண்டார் என்று கேட்டபின் போட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நம்ப ஒரு ஆயுள் போதாது. ஆகவே சொல்கிற ஆளைப் பார்த்து நம்புகிறோம்.

வதந்தியும் இதே வழியில்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் வருகிற பொய் மருத்துவக் குறிப்பை அனுப்புவது முகம் தெரியாத எவனோ அல்ல; பெரியப்பா, கூடப் படித்தவர், கோயில் நண்பர். நாம் நம்பும் மனிதர்களின் பெயரோடு வருவதால்தான் அந்தப் பொய்க்கு இவ்வளவு வலு. அதை எதிர்க்கத் தலைநகரத்திலிருந்து ஒரு மறுப்பு அறிக்கை விட்டால் மட்டும் காணாது. இந்தப் பக்கமும் ஒரு தெரிந்த முகம் நிற்க வேண்டும்.

கிரகணம் முடிந்து சில நாள் கழித்து நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எனக்குக் கிரகணத்தைவிட அது பெரிதாகப் படுகிறது. கிரகணம் பிடித்திருக்கும்போது தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் அது பிடிமானம் இல்லாமல் நிற்கும், கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்பது நம் ஊர்களில் பழைய நம்பிக்கை. அன்றும் பல வீடுகளில் நிறுத்தியிருந்தார்கள். தையல்கடை அக்கா ஒரு சாதாரண மத்தியானத்தில் அதே அப்பத்தாவின் உலக்கையை அதே தாம்பாளத்தில் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் நிறுத்தினார், விழுந்தது. மறுபடி நிறுத்தினார், சாய்ந்தது. பேத்தி வந்து இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல மெல்ல விரலை எடுத்தாள். நின்றது. அடியில் இரும்புப் பூண் போட்டுத் தட்டையாக இருக்கும் உலக்கை, அதன் எடை அந்தப் பூணுக்குள் நேராக இறங்கும்வரை, வருடத்தில் எந்த நாளும் நிற்கும். அப்பத்தா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா வேற நாள்ல நிறுத்திப் பாக்கணும்னு ஒருத்திக்கும் தோணலயே" என்றார்.

ஆய்வுக்கூடங்களில் ஒப்பீட்டுச் சோதனை என்று வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துக் கற்பிப்பதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. உலக்கை அவருடையது, தாம்பாளம் அவருடையது, முடிவும் அவருடையது. மந்திரமா தந்திரமா நிகழ்ச்சியில் எலுமிச்சம்பழத்தில் ரத்தம் வரவைத்து, பிறகு அதன் ரகசியத்தை உடைத்துக் காட்டும்போது கைதட்டல் வானைப் பிளக்கும். எனக்கும் அந்த நிகழ்ச்சி பிடிக்கும். ஆனால் மேடையில் நிற்பவர் கெட்டிக்காரர், கீழே இருப்பவர்கள் ஏமாந்தவர்கள் என்ற ஏற்பாடு அதில் எப்படியும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. உலக்கையைச் சொந்தக்காரர் கையிலேயே கொடுப்பதற்கு மேடை தேவையில்லை. தெருவில் உரிமையோடு வீட்டுக்குள் போகக்கூடிய ஒருவர் தேவை. அந்த ஒருவரை உண்டாக்கி நிலைக்கவைப்பதுதான் கிளை.

இது புதிதல்ல. 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணை நிற்க, மாவட்டம் முழுவதும் தொண்டர்கள் சாயங்காலங்களில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அப்போதுதான். கல்வெட்டாங்குழிகளில் கல் உடைக்கும் பெண்களுக்குப் பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பிள்ளைகள், பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தவர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வெளியூர் வல்லுநர்களைக் கொண்டு அதைச் செய்திருக்கவே முடியாது என்று அந்தக் காலத்துத் தொண்டர்களிடம் பேசிய எவருக்கும் புரியும்.

ஆனால் கிளை எளிதில் செத்துப்போகும். துடிப்பான ஆசிரியருக்குப் பணி மாறுதல் வந்தால் பாதி உயிர் போகும். படித்து முடித்த பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுவார்கள். பெண் தொண்டர்களுக்குக் கல்யாணமானால் ஊரே மாறிவிடும். ஒரே செயலாளர் பல வருடம் சுமந்து, ஒரு நாள் அலுத்துப்போய் ரசீது புத்தகத்தைக் கீழே வைத்தால் எடுக்க ஆள் இருக்காது. திட்டப் பணம் வந்தால் பிழைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். தன்னார்வ அமைப்புகள் பலவற்றில் நான் பார்த்தது வேறு: பணம் இருக்கும்வரை அலுவலகம் நடக்கிறது, பணம் நின்றதும் அலுவலகத்தோடு ஆட்களும் போய்விடுகிறார்கள், தொண்டு செய்த பழக்கமும் அதற்குள் மறந்துவிடுகிறது. உறுப்பினர் சந்தாவிலும் பத்து ரூபாய் இருபது ரூபாய் நன்கொடையிலும் இழுத்துப் பறித்து நடக்கும் கிளைதான் நீடிக்கிறது. பொறுப்புகளைச் சீக்கிரம் சீக்கிரமாக இளையவர்களிடம் கொடுத்துவிடுவதும் உதவும். அவர்கள் கணக்கில் கொஞ்சம் தடுமாறினால் தடுமாறட்டும்.

ஒரே ஒரு கிளை மட்டும் இருந்தாலும் போதாது. ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அதே நாள் நண்பகலில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர்க் குச்சி நட்டால் சுமார் 8.7 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். அது ஐந்து பாகைக் கோணம். இரண்டு ஊருக்கும் இடையே தெற்கு வடக்காக மட்டும் அளந்தால் ஏறக்குறைய 555 கிலோமீட்டர். ஒரு வட்டத்துக்கு 360 பாகை, ஆகவே 555ஐ 72ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு ஏறக்குறைய நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடலாம். 2,200 வருடங்களுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் செய்ததும் இதுதான். இதற்கு இரண்டு குச்சியும் ஒரு அளவுகோலும் போதும். முக்கியமாக, சென்னையில் இருக்கும் பிள்ளை தான் பார்க்காத கன்னியாகுமரிப் பிள்ளையின் அளவை நம்ப வேண்டும். அந்தப் பிள்ளை ஒழுங்காக அளந்திருக்க வேண்டும், தப்பாக வந்திருந்தால் தப்பு என்றே எழுதியிருக்க வேண்டும்.

இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு ரசீது புத்தகத்தின் அர்த்தம் விளங்குகிறது. எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் வரவு செலவை வரி வரியாக வாசிப்பார். டீச் செலவு, பேனர் செலவு, பஸ் கட்டணம். யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். கேட்டால் கோபப்பட மாட்டார், ரசீதைக் காட்டுவார். விளங்காத கேள்வி வந்தால் "தெரியலை, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லி, அடுத்த கூட்டத்தில் பதிலோடு வருவார். கிரகணத்தைப் பற்றித் தெருவில் கேட்டாலும் அவர் பதில் சொல்லும் விதம் அதுவேதான். எல்லார் முன்னாலும் கணக்கை வைப்பதும் எல்லார் முன்னாலும் சோதனையைச் செய்வதும் ஒரே ஒழுக்கம். சந்தா வசூலிக்கும் அலுப்பான வேலையைக் கடந்துதான் அறிவியலுக்குப் போக வேண்டும் என்று நினைத்திருந்த காலம் உண்டு. சாவியைச் சொன்ன நேரத்தில் திருப்பிக் கொடுப்பதிலும், இருபது ரூபாய்க்கு ரசீது கிழிப்பதிலும், மூன்று பேர் வந்தாலும் கூட்டத்தை நடத்துவதிலும் சேர்ந்த நம்பிக்கையைத்தான் அந்த அக்கா கிரகணத்தன்று தெருமுனையில் செலவழித்தார். அது ஒரே நாளில் சம்பாதித்ததல்ல, எந்தப் பேராசிரியரும் கையோடு கொண்டுவந்து கொடுத்திருக்கவும் முடியாது.

2031 மே 21 அன்று இன்னொரு கங்கண சூரிய கிரகணம் கேரளத்தைக் கடந்து மதுரைப் பக்கம் வருகிறது. இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அன்று பெரிய வகுப்புக்குப் போயிருப்பார்கள். உங்கள் ஊரில் கிளை இருந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள், கேட்டால் ஒரு பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நான்கு பேர் சேர்ந்து பள்ளித் தலைமையாசிரியரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வகுப்பறையைக் கேளுங்கள். தெருவுக்குத் தெரிந்த முகமாவதற்கு வருடங்கள் பிடிக்கும். இப்போதே தொடங்கினால்தான் அன்றைக்குள் முடியும்.