காணும் கண்ணுக்குத் தப்பினால் போதுமா?

செகந்திராபாத்தை ஒட்டிய லாலாகுடா, ரயிலோடு சேர்ந்து வளர்ந்த பகுதி. நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1893-ஆம் ஆண்டு, அங்கே ரயில் பெட்டிகளுக்கான பணிமனை ஒன்று நிறுவப்பட்டது. அது இன்றும் இயங்கி வருகிறது. அங்கு வாழ்வோருக்கு ரயிலின் கூவல் பழகிப் போன ஓசை. வண்டி நெருங்கி வரும்போது அந்த ஓசை கூர்மையாகவும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் ஒலிப்பதை அங்குள்ள சிறுவர்களும் அறிவர்.

இந்த மாற்றத்துக்கான காரணத்தை கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1842-இல் விளக்கினார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஹாலந்து நாட்டில், ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, அவருடைய கருத்து உண்மை என்று சோதித்து அறிந்தனர். அதே தத்துவமே இன்று சாலையோரத்தில் நிற்கும் காவலரின் கைக்கு வந்திருக்கிறது. ரேடார் கருவி வானொலி அலையை வாகனத்தின் மீது வீசுகிறது. திரும்பி வரும் அலையின் மாற்றத்தைக் கொண்டு வாகனத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் காவல் துறை இம்முறையைக் கையாளத் தொடங்கியது.

அளப்பதற்கு ஒரு கருவி வந்ததும், அதற்குத் தப்புவதற்கும் ஒரு கருவி வந்தது. மனித மனத்தைச் சிந்திக்க வைக்கும் செய்தி இங்கேதான் தொடங்குகிறது.

தப்பிக்கும் கருவியின் வரலாறு

1974-ஆம் ஆண்டு, எரிபொருள் நெருக்கடியை முன்னிட்டு, அமெரிக்கா முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு கொண்டுவரப்பட்டது. அகன்ற நெடுஞ்சாலைகளில் விரைந்து பழகியவர்களுக்கு அது கசந்தது. காவலரின் ரேடார் அலையை முன்கூட்டியே உணர்ந்து ஒலி எழுப்பும் சிறு பெட்டிகளைக் காரில் பொருத்திக் கொள்வது பரவியது. 1978-இல் சந்தைக்கு வந்த எஸ்கார்ட் என்ற கருவி பெரும் புகழ் பெற்றது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக் வாலன்டைன், 1992-இல் தம் பெயரிலேயே வேறொரு கருவியை வெளியிட்டார். அதன் இரண்டாம் தலைமுறை 2020-இல் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் நடந்தது ஓயாத போட்டி. காவல் துறை ஓர் அலைவரிசையை விட்டு வேறோர் அலைவரிசைக்கு மாறியது. கருவி வைத்திருந்தவர் பழையதை விற்றுவிட்டுப் புதியதை வாங்கினார். காவலர் தேவைப்படும் நொடியில் மட்டும் அலையை வீசினார்; அதையும் உணரக்கூடிய நுட்பமான கருவி வந்தது. பின்னர் லேசர் ஒளியால் அளக்கும் துப்பாக்கி வந்தது. லேசர் கதிர் மிகக் குறுகியது. அது பட்டதைக் காரிலுள்ள கருவி அறிந்து ஒலி எழுப்பும் வேளையில், வேகம் பெரும்பாலும் அளக்கப்பட்டு முடிந்திருக்கும். ஆயினும் புதிய கருவியைத் தேடுவோர் குறையவில்லை.

இவற்றுள் விந்தையான ஒன்று உண்டு. இக்கருவி அலையை உணர்வதற்காகத் தனக்குள்ளேயே மெல்லிய அலை ஒன்றை உண்டாக்குகிறது. அதில் சிறிதளவு வெளியே கசிகிறது. அந்தக் கசிவைக் கொண்டே, யாருடைய காரில் இக்கருவி இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சாதனத்தையும் காவல் துறை பெற்றது. மறைந்துகொள்ள வாங்கிய பொருளே மறைந்திருப்பவரைக் காட்டிக் கொடுத்தது! பிரான்ஸ் போன்ற நாடுகளும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலமும் இக்கருவியைத் தடை செய்தன. வேறு பல இடங்களில் அது அனுமதிக்கப்பட்டுள்ளது. சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அறம் அவ்வாறு வேறுபடுமா என்பதே கேள்வி.

கருவி இல்லாத இடத்தில்

இது எங்கோ மேலைநாட்டில் நடக்கும் செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது. அந்தப் பெட்டி இல்லாத இடத்திலும் அதன் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. எதிரே வரும் ஓட்டுநர் முகப்பு விளக்கை இருமுறை சிமிட்டி, முன்னே காவலர் நிற்பதை அறிவிக்கிறார். சந்திப்பு நெருங்கும்போது மட்டும் தலைக்கவசம் கைப்பிடியிலிருந்து தலைக்கு ஏறுகிறது. சந்திப்பைக் கடந்ததும் மீண்டும் இறங்குகிறது. கேமராவின் கண்ணுக்கு எண் தெரியாதபடி சிலர் எண்பலகையை வளைத்து வைக்கின்றனர். கேமரா இருக்கும் இடம் நெருங்குவதைக் கைபேசிச் செயலிகளே அறிவிக்கின்றன. அந்தச் சில அடி தூரத்துக்கு மட்டும் வேகம் தணிகிறது.

இவை அனைத்திலும் மனம் கேட்கும் கேள்வி ஒன்றே: 'என்னை யாராவது பார்க்கிறார்களா?'

இதன் விளைவு சிறியதன்று. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவற்றுள் பத்தில் ஏழு பங்குக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 28 மீட்டர். ஓட்டுபவரின் கண் ஒன்றைக் கண்டு, கால் பிரேக்கை நாடுவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது. இந்தக் கணக்கு காவலர் இருக்கும் இடத்திலும் ஒன்றே. இல்லாத இடத்திலும் ஒன்றே.

மோதிரமும் அரசவையும்

கிரேக்க ஞானி பிளேட்டோவின் 'குடியரசு' என்ற நூலில் ஒரு கதை வருகிறது. இடையன் ஒருவனுக்கு மாய மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதன் குமிழை உட்புறம் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரிய மாட்டான். அந்த வலிமை வந்ததும் அவன் செய்யாத கொடுமை இல்லை; மன்னனைக் கொன்று ஆட்சியையே கைப்பற்றுகிறான். இக்கதையைச் சொல்பவர் எழுப்பும் ஐயம் இது: பிடிபட மாட்டோம் என்ற உறுதி கிடைத்த பின்னும் நேர்மையாக நடப்பவன் எவனாவது உண்டா? காரின் முன்கண்ணாடியில் பொருத்தப்படும் சிறு பெட்டி அந்த மோதிரத்தின் வழித்தோன்றலே. அது கொலை செய்யத் தூண்டுவதில்லை. ஆயினும் 'பிடிபடாத வரை தவறில்லை' என்ற அதே பாடத்தைத்தான் நாள்தோறும் மெல்லக் கற்பிக்கிறது.

பாரதத்தின் விடை மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் சகுந்தலையின் வாயிலாக வருகிறது. துஷ்யந்தன் நிறைந்த அவையில், அவளை அறியேன் என்று மறுக்கிறான். கானகத்தில் நடந்த திருமணத்துக்குச் சாட்சி யார் இருக்கிறார்கள் என்பது அவன் துணிவு. சகுந்தலை சாட்சிகளை அடுக்குகிறாள்: சூரியனும் சந்திரனும், காற்றும் நெருப்பும், வானும் மண்ணும், பகலும் இரவும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுடைய சொந்த இதயமே அறியும் என்கிறாள். அரசனிடம் அவள் முறையிட்டது வெளியிலுள்ள நீதிமன்றத்தை நோக்கி அன்று. அவனுக்குள் இருக்கும் நீதிமன்றத்தை நோக்கி.

கடவுளும் ஒரு கேமராவா?

இங்கே கவனமாக நின்று எண்ண வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'காவலர் பார்க்காவிட்டாலும் கடவுள் பார்க்கிறார்' என்று சொல்வது எளிது. குழந்தைகளுக்கு அவ்வாறு சொல்லித் தருவதும் வழக்கம். ஆனால் கடவுளை எங்கும் நிறைந்த கண்காணிப்புக் கேமராவாக மட்டும் எண்ணிவிட்டால், அறம் மீண்டும் அச்சத்தின் மீதே நிற்கிறது. அச்சத்துக்குத் தப்பும் வழியை மனம் தேடத்தான் செய்யும். ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம் இட்டு, மாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, மறுநாளே பள்ளிக்கூட வாசலில் விரைந்து செல்பவருக்கு, அந்தப் பூஜை என்னவாகிறது? விளைவு தம்மை அணுகாமல் காக்கும் மற்றொரு கருவியாகத்தானே ஆகிவிடுகிறது! வழிபாட்டையே இன்னும் உயர்ந்த வகைக் கருவியாக்கிக் கொள்வதைவிடப் பெரிய இழப்பு ஆன்மிக வாழ்வில் இல்லை.

சகுந்தலை சுட்டிய சாட்சி தண்டனைக்காகக் காத்திருக்கும் கண் அன்று. அது உண்மையை உண்மையாகக் காணும் அறிவு. அந்த அறிவு விழித்திருப்பவன் 'என்னை யார் பார்க்கிறார்கள்?' என்று கேட்பதில்லை. 'நான் யாரைப் பார்க்கத் தவறுகிறேன்?' என்று கேட்கிறான். சாலையைக் கடக்கத் தயங்கி நிற்கும் முதியவர், பந்தின் பின்னே ஓடி வரும் குழந்தை, இருட்டில் விளக்கின்றிச் சைக்கிளில் வருபவர் ஆகியோரே வேக வரம்பின் பொருள். பலகையில் எழுதப்பட்ட எண் அவர்களுடைய பெயரால் எழுதப்பட்டது. கேமராவைத் தேடும் கண் அவர்களைக் காண்பதில்லை.

இருவகை எச்சரிக்கை

கருவிகள் எல்லாமே தீயவை என்பது இதன் பொருளன்று. லாலாகுடாவை அடுத்து, 1957-இல் தொடங்கப்பட்ட ரயில்வே சமிக்ஞை மற்றும் தொலைத்தொடர்புப் பொறியியல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 'கவச்' என்ற உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பைப் பற்றிய பயிற்சி அங்கே அளிக்கப்படுகிறது. சிவப்பு விளக்கை மீறினாலோ, அனுமதித்த வேகத்தைத் தாண்டினாலோ, ஓட்டுநரை எச்சரித்து, அவர் செயல்படாவிட்டால் தானே பிரேக்கை இயக்குவது கவச். 2022-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி, செகந்திராபாத் கோட்டத்தில் குல்லகுடா, சிட்கித்தா நிலையங்களுக்கு இடையே இது சோதிக்கப்பட்டது. ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஓர் எஞ்சினில் இருந்தார். எதிரே அதே தடத்தில் நின்ற மற்றோர் எஞ்சினுக்கு 380 மீட்டர் முன்னதாகவே கவச் வண்டியை நிறுத்தியது.

இரண்டுமே எச்சரிக்கும் கருவிகள்தாம். ஒன்று ஆபத்து வருவதை அறிவிக்கிறது. மற்றொன்று கண்காணிப்பவர் இருப்பதை அறிவிக்கிறது. ஒன்று பிறர் உயிரைக் காக்க வேகத்தைத் தணிக்கிறது. மற்றொன்று வேகத்தைக் காக்க அபராதத்தைத் தவிர்க்கிறது. ஒரு பொருளை வாங்கும் முன் இந்த ஒரு வேறுபாட்டைச் சிந்தித்தால் போதும்.

'வேக வரம்பே பொருத்தமற்றதாக இருந்தால் என்ன செய்வது?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா விதிகளும் அறிவோடு வகுக்கப்பட்டவை என்று சொல்ல இயலாது. அமெரிக்காவின் 55 மைல் வரம்பு பின்னர் நீக்கப்பட்டது. ஹைதராபாத்தைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டராக இருந்த உச்ச வேகம், 2023-இல் 120 ஆக உயர்த்தப்பட்டது. விதியை மாற்ற வெளிப்படையான வழி உண்டு. தவறான விதியை எதிர்ப்பவன் தன் பெயரைச் சொல்லி எதிர்க்கிறான். காந்தியடிகள் உப்பை ஒளித்து வைத்துக் காய்ச்சவில்லை. ஒளிந்து மீறுபவனுக்கு விதி மாற வேண்டும் என்ற விருப்பம்கூட இல்லை. விதி பிறருக்கு இருக்கட்டும், தனக்கு மட்டும் வேண்டாம் என்பதே அவன் நிலை.

காணப்படாத பணி

லாலாகுடாப் பணிமனைக்கு ரயில் பெட்டிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் முழுமையான பராமரிப்புக்காக வருகின்றன. சக்கரங்களும் பிரேக் பாகங்களும் கழற்றிச் சோதிக்கப்பட்டு மீண்டும் பொருத்தப்படுகின்றன. மேற்பார்வையாளர் உண்டு, பதிவேடு உண்டு. எனினும் பெட்டியின் அடியில் படுத்து ஒரு திருகை இறுக்கும் கை, கடைசிச் சுற்று வரை இறுக்கியதா என்பதை அந்தக் கை மட்டுமே அறியும் தருணங்கள் உண்டு. அந்தப் பெட்டியில் பல நூறு மைல்களுக்கு அப்பால் ஒரு தாய் குழந்தையை மடியில் கிடத்தி உறங்குவாள். திருகை இறுக்கியவரை அவள் பார்த்ததில்லை. அவரும் அவளைப் பார்க்கப் போவதில்லை. ஆயினும் அவர் கடைசிச் சுற்றையும் இறுக்குகிறார் என்றால், அவருடைய உள்ளக் கண் அவளைக் கண்டுவிட்டது. பிளேட்டோவின் கதை எழுப்பிய ஐயத்துக்கு அந்தக் கையே விடை.

அத்தகைய விடை ஒவ்வொருவரின் கைக்கும் எட்டுவதே. ஆள் நடமாட்டமற்ற சாலையில், கேமரா இல்லாத வளைவில், முன்னே சென்றவர் விளக்கைச் சிமிட்டி எச்சரிக்காத வேளையில், தானாகக் கால் தணிந்தால் அதுவே சாதனை. பழைய கருவியை மாற்றிப் புதியது வாங்குவது எளிது. பணம் இருந்தால் போதும். பழைய மனத்தை மாற்றிப் புதியது பெறுவதற்கு விழிப்பு வேண்டும். அந்த விழிப்பு வந்தவனுக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய அலையும் இல்லை. அஞ்ச வேண்டிய கண்ணும் இல்லை.