என்ன வருத்தம்?

செத்தவீட்டுக்குப் போனால் நாங்கள் முதலில் கேட்பது "என்ன வருத்தம்?" என்றுதான். "ஹார்ட் அற்றாக்" என்று பதில் வந்தால் கேள்வி அதோடு நிற்பதில்லை. குடிக்கிறவரோ? சிகரெட் பத்துகிறவரோ? சீனி இருந்ததோ? குளிசை ஒழுங்காகப் போட்டவரோ? விசாரணை முடியும்போது, இறந்தவர் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்றொரு தீர்ப்புக் கிடைத்துவிடும். நான் சிகரெட் பிடிப்பதில்லை, ஆகவே எனக்கு வராது என்ற சின்ன ஆறுதலோடு வீடு திரும்புவோம்.

இந்தத் தீர்ப்பு நியாயமானதா? நான் வசிக்கும் வோபர்னில் இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல.

முதல் பார்வைக்கு விஞ்ஞானமும் செத்தவீட்டுப் பேச்சின் பக்கமே நிற்கிறது. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வுதான் 'ஆபத்துக் காரணி' என்ற கருத்தையே இதயநோய் மருத்துவத்தில் நிலைநிறுத்தியது. இங்கே பக்கத்தில், ஹமில்ரனில், மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. புகைத்தல், இரத்தக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், மதுப் பழக்கம், மரக்கறியும் பழமும் போதாமை, உடற்பயிற்சி இன்மை ஆகிய ஒன்பதும் சேர்ந்தே முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கை விளக்குகின்றன என்றது. தென்னாசிய நாடுகளில் அந்த முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. பிற நாடுகளில் ஏறக்குறைய 59. காரணம் எங்கள் கோப்பையிலும் எங்கள் சோம்பலிலும் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

ஆனால் வேறு இரண்டு ஆய்வுகள் இந்த முடிவைக் குழப்புகின்றன. 1967இல் இலண்டனில் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வு, 17,000க்கும் மேற்பட்ட ஆண் அரசாங்க ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் இலவச மருத்துவம். அப்படியிருந்தும் அடிமட்ட ஊழியர், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இதயநோயால் இறந்தனர். புகைத்தல், இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றதை மைக்கேல் மார்மொற்றும் சகாக்களும் காட்டினர். 2014இல் யூசுப்பின் குழுவே 17 நாடுகளின் தரவுகளை வெளியிட்டபோது, ஆபத்துக் காரணிகள் மிகக் குறைவாக இருந்தது ஏழை நாடுகளில். இதயநோய்ச் சாவுகள் மிக அதிகமாக இருந்ததும் அங்கேதான். ஒருவனுக்கு நோய் வருவது ஒன்று. வந்த நோயால் அவன் சாவது இன்னொன்று. பின்னதில் காசுக்கும் வைத்தியத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

வோபர்ன், ரொறன்ரோ நகரசபை 2014இல் மேம்பாடு தேவையென்று குறித்த 31 பகுதிகளில் ஒன்று. ஒன்ராறியோவில் வைத்தியரைப் பார்க்கக் காசு இல்லை. அவர் எழுதித் தரும் குளிசைக்குக் காசு உண்டு. மாகாண மருந்துத் திட்டம் பொதுவாக 65 வயதில்தான் கைகொடுக்கும். அதற்கு முன் வேலையிடத்துக் காப்புறுதி வேண்டும், அல்லது வருமானத்தில் ஒரு பங்கை மருந்துக்குச் செலவழித்த பின்னர் உதவும் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 53ஐயும் 65ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் மாரடைப்பு வரும் வயது, மருந்துக்குச் சொந்தக் காசு கொடுக்கும் வயது. 2018இல் நடைமுறைக்கு வந்த சம்பளத்துடன் கூடிய இரண்டு சுகவீன நாட்களும் 2019இல் எடுக்கப்பட்டுவிட்டன. மணித்தியாலச் சம்பளக்காரருக்கு ஓர் இரத்தப் பரிசோதனை என்பது அரைநாள் கூலி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானது. ஒரே தொடர்மாடியில், ஒரே சம்பளத்தில் ஒருவர் சிகரெட்டை விடுகிறார், மற்றவர் விடவில்லை. அப்படியானால் தெரிவு என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது? இருக்கிறது. எல்லாம் சூழ்நிலை என்று சொன்னால் விட்டவரின் வைராக்கியத்தையும் சேர்த்தே அவமதிக்கிறோம். ஏழையைத் தன்பாட்டில் எதுவும் செய்ய இயலாத பொருளாக்கிவிடுகிறோம். ஆனால் ஒரே தெரிவுக்கு எல்லாரும் ஒரே விலை கொடுப்பதில்லை. கந்தோரில் இருப்பவருக்கு மாலை நடை ஒரு பொழுதுபோக்கு. இரவு ஷிப்ற் முடித்து இரண்டு பஸ் மாறி வருபவருக்கு அது நித்திரையில் பாதி. விலையைக் கேட்காமல் குற்றம் சாட்டுவது அநியாயம்.

ஆகவே காரணத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். உயிரோடு இருப்பவரிடம் காரணத்தைப் பேசலாம், பேசவும் வேண்டும்: பிரஷரைப் பாருங்கள், குளிசையை விடாதீர்கள். இறந்தவரிடம் அதே பட்டியலை நீட்டும்போது அது அறிவுரை அல்ல, தண்டனை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் அவருடைய மனைவியும் பிள்ளைகளும்.

வள்ளுவரின் 'மருந்து' அதிகாரத்தில் பெரும்பகுதி அளவறிந்து உண்பது பற்றியதுதான். ஆனால் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுபவர். நோயாளி அதில் கால்பங்கு. மருந்துக்கான பங்கை மாகாணத்திடம் கேட்க எங்களுக்கு வாக்குரிமை இருக்கிறது. அருகிருந்து உதவும் பங்கு எங்கள் கையிலேயே இருக்கிறது. கடையும் உணவகமும் துப்புரவு ஒப்பந்தமும் நடத்துகிறவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். தன்னிடம் வேலை செய்பவர் கிளினிக்குக்குப் போகும் அரைநாளுக்குச் சம்பளத்தை வெட்டாமல் விடுவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.