மேலே நிற்பது யார்?

தாராசுரத்தில் உயரமாக ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் கோயில் விமானத்தைத்தான் பார்க்க வேண்டும். மற்றபடி வயல், வாய்க்கால், தென்னை. எங்கே தோண்டினாலும் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும்தான். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் ஐராவதேஸ்வரர் கோயிலைக் கட்டியபோது, கல் முழுவதும் வெளியூரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பாறையே இல்லாத இந்த ஊரில் பிறந்த என் அக்கா பையன், பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்தவன், சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "மாமா, நான் குகைக்குள்ள போற கிளப் ஒண்ணுல சேரப்போறேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "கை நிறைய சம்பளம் வாங்குற பிள்ளைக்கு என்னடா வௌவால் சகவாசம்?"

பையன் அசரவில்லை. மேகாலயா கதையை எடுத்துவிட்டான். அங்கே மலை பூரா சுண்ணாம்புக் கல். கொட்டுகிற மழை அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகைகளாகக் குடைந்திருக்கிறது. காஸி மக்கள் மொழியில் 'க்ரெம்' என்றால் குகை. க்ரெம் லியாத் ப்ரா என்கிற குகையின் பாதைகளைச் சேர்த்துப் போட்டால் 30 கிலோ மீட்டருக்கு மேல். தாராசுரத்தில் நுழைந்தால் கிட்டத்தட்ட தஞ்சாவூரில் வெளியே வரலாம்! க்ரெம் புரி என்று இன்னொன்று. அது மணற்கல் குகை. 2018-ல் அளந்தபோது 24.5 கிலோ மீட்டர், அந்த வகையில் உலகத்திலேயே நீளமானது என்றார்கள். இதையெல்லாம் தவழ்ந்தும் நீந்தியும் அளந்தவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை. ஷில்லாங்கில் இருக்கும் ஒரு சாகச சங்கத்துக்காரர்களும், அவர்களோடு சேர்ந்துகொண்ட வெளிநாட்டு குகைப் பிரியர்களும்தான்.

"சரிடா, ஆசையா இருந்தா ஒரு டார்ச் லைட் வாங்கிக்கிட்டுப் போயிட்டு வாயேன். அதுக்கு எதுக்கு கிளப், சந்தா எல்லாம்?" என்றேன்.

"தனியா போகக் கூடாது மாமா. குறைஞ்சது நாலு பேர்."

"ஏன் நாலு?"

"ஒருத்தனுக்கு அடிபட்டா ஒருத்தன் கூட இருக்கணும். மத்த ரெண்டு பேர் வெளியே போய் ஆள் கூட்டிட்டு வரணும். அதுலயும் ஒருத்தனைத் தனியா அனுப்பக் கூடாது. ஆளுக்கு மூணு விளக்கு. அப்புறம், வெளியில ஒருத்தர்கிட்ட 'இத்தனை மணிக்கு வந்துடுவோம்'னு சொல்லிட்டுத்தான் நுழையணும். அந்த நேரம் தாண்டிச்சுன்னா அவர் தேட ஆரம்பிச்சுடுவார்."

எனக்கு அந்தக் கடைசி விதி மனசில் தைத்தது. இருட்டுக்குள் போகிறவனைவிட, வெளியே கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பவர் முக்கியமானவரா?

நாம் அடிக்கடி ஒரு வசனம் சொல்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? "என் உயிர், என் ரிஸ்க், உனக்கென்ன?" ஹெல்மெட் போடச் சொன்னால் சொல்கிறோம். சிகரெட்டை விடச் சொன்னால் சொல்கிறோம். கேட்பதற்கு ரொம்ப நியாயமாக இருக்கும். ஆனால், அப்படி 'என்' ரிஸ்க் என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

கொடைக்கானல் குணா குகைக்கு வாருங்கள். 2006-ல் கொச்சி பக்கத்து மஞ்சும்மலிலிருந்து ஒரு நண்பர் கூட்டம் வந்தது. ஒருவர் பாறைப் பிளவுக்குள் விழுந்துவிட்டார். அங்கே விழுந்தவர்கள் உயிரோடு திரும்பி வந்ததில்லை என்று ஊரே சொன்னது. ஒரு நண்பர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார், தூக்கிக்கொண்டு வந்தார். 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் அதைப் பார்த்துக் கைதட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். விழுந்தவர் யாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு விழவில்லை. அவர் விழுந்த நொடியிலேயே இன்னொருவருடைய உயிரும் பணயமாகிவிட்டது.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையையும் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 ஜூன் 23. கால்பந்து டீம் பையன்கள் 12 பேரும் அவர்களுடைய கோச்சும் உள்ளே போனார்கள். மழை வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்ட ஒரு பையனுக்கு, மற்றவர்கள் குகைக்குப் போனது தெரிந்திருந்தது. வாசலில் அவர்களுடைய சைக்கிள்கள் கிடந்தன. அதனால்தான் எங்கே தேடுவது என்றே தெரிந்தது.

ஜூலை 2-ம் தேதி அவர்களைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? பிரிட்டனிலிருந்து வந்த ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். இன்னொருவர் கம்ப்யூட்டர் துறைக்காரர். குகை நீச்சல் அவர்களுக்குப் பொழுதுபோக்கு! நம் அக்கா மாதிரி யாராவது "எதுக்குடா இந்த வெட்டி வேலை?" என்று அவர்களையும் கேட்டிருக்கக்கூடும். ஜூலை 10-ம் தேதிக்குள் 13 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் உள்ளே காற்று சிலிண்டர்கள் வைக்கப் போன சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் ஜூலை 6-ம் தேதி உயிரை விட்டார். அந்தப் பையன்களை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை.

ஆக, நீங்கள் இருட்டில் விழுந்தால் யாரோ ஒருவர் இறங்கத்தான் போகிறார். வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் இறங்குவார். மனித சுபாவம் அப்படி. இதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் கிளப்பில் சேர்வது என்று எனக்குத் தோன்றியது. 'எனக்காக யாரோ இறங்குவார் என்றால், அவருக்கு ஆபத்து வராத மாதிரி நான் கற்றுக்கொள்கிறேன். நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால் நான் இறங்குகிறேன்.' சந்தா கட்டுவது இதற்குத்தான்.

இது நமக்குப் புதுசும் இல்லை. கிணற்றில் தூர் எடுக்க இறங்குவதற்கு முன்னால் விளக்கை ஏற்றிக் கயிற்றில் விடுவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. என் சின்ன வயசில் ஒரு பெரியவர் சொல்வார்: "தம்பி, இறங்கறவன் யாருன்னு பாக்காதே. மேல கயிறு பிடிக்கிறவன் யாருன்னு பாத்துட்டு இறங்கு."

அந்த வாக்கியத்தோடு இன்னொரு குழியையும் நினைத்துக்கொள்கிறேன். சாக்கடைக் குழி. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னும் சாவுச் செய்தி நிற்கவில்லை. ஒருவர் மயங்குவார், காப்பாற்ற இறங்கியவரும் மயங்குவார். ஆசைக்காக இருட்டில் இறங்குகிறவனுக்கு மூன்று விளக்கு. நமக்காக இறங்குகிறவருக்கு ஒன்றுகூட இல்லை. அவருக்கு மேலே நிற்க வேண்டியவர்கள் நாம்தான் இல்லையா?

சாயங்காலம் பையனோடு கோயிலுக்குப் போனேன். அங்கே ஒரு சின்னச் சிற்பம் உண்டு. ஒரு பக்கத்தை மறைத்துப் பார்த்தால் யானை. மறுபக்கத்தை மறைத்தால் காளை. உடம்பு இரண்டு, தலை ஒன்று. சின்ன வயதில் இவனைத் தூக்கிவைத்து நான்தான் கையால் மறைத்துக் காட்டினேன். அன்றைக்கு அவன் காட்டினான், பக்கத்தில் நின்ற ஒரு குழந்தைக்கு. அந்தத் தலையை யானையுடையது என்றும் சொல்ல முடியாது, காளையுடையது என்றும் சொல்ல முடியாது. நம் உயிரும் அப்படித்தானோ?

திரும்பும்போது பையன் போனை நீட்டினான். "மாமா, கிளப் ஃபாரத்துல அவசரத்துக்குக் கூப்பிட ஒருத்தர் பேர் கேக்கறாங்க. அம்மா பேரைப் போட்டா பயந்துடுவாங்க. உங்க பேரைப் போடட்டுமா?"

"போடு" என்றேன்.

இனிமேல் அவன் குகைக்குள் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் தாராசுரத்தில் ஒருவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். சந்தா கட்டாமலே நானும் கிளப்பில் சேர்ந்துவிட்டேன்.

உங்கள் பேர் யாருடைய ஃபாரத்தில் இருக்கிறது?