திருநீறும் ஐந்து நட்சத்திரமும்

திருவானைக்கா கோயிலின் ஐந்தாம் பிராகார மதிலைத் திருநீற்றான் திருமதில் என்பார்கள். 25 அடிக்கு மேல் உயரம். மதில் எழும்பியபோது இறைவனே சித்தராக வந்து ஆட்களுக்குத் திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தார், அவரவர் பாடுபட்ட அளவுக்கு அது பொன்னாயிற்று என்பது தலவரலாறு. எல்லார் கையிலும் விழுந்தது ஒரே நீறு. பட்ட பாடு அதற்கு விலை போட்டது. இன்று அதே மதிலைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் மாவரைத்து விற்கும் பெண்களுக்கும் வரும் வரவில் ஒரு பங்கு இப்படிப்பட்ட நீறுதான். கூகுள் மேப்பில் விழும் நட்சத்திரம், வாட்ஸாப் ஸ்டேட்டஸைப் பார்த்தவர் எண்ணிக்கை, ரீல்ஸுக்கு வரும் லைக். ஊதினால் பறந்துவிடும், பத்துப் பேர் நம்பினால் அரிசி, உளுந்து வாங்கக் காசாகும். ஆனால் சித்தர் கொடுத்த நீற்றுக்கு இருந்த ஒரு குணம் இதற்கு இல்லை. உழைக்காதவன் கையிலும் இது பொன்னாகிவிடுகிறது.

அதனால் விளம்பரமே வேண்டாம், நல்ல சரக்கு தானே பேசும் என்று சொல்லிவிடலாமா? பக்தியும் பணிவும் கலந்த நம் மனத்துக்கு அது இதமாகத்தான் இருக்கும். தன்னைத் தானே புகழ்வது அற்பம் என்றே வளர்க்கப்பட்டிருக்கிறோம். நம் இலக்கணம் அவ்வளவு கூச்சப்படவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரம், புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகுந்த இடங்கள் என்று நான்கைச் சொல்கிறது. அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி பழிக்கும்போது. விதி புலவனுக்குத்தான், வியாபாரிக்கும் நீட்டுவது என் துணிச்சல். ஆனாலும் அந்த இரண்டாவது இடத்தைப் பாருங்கள். தெருமுனையில் புதிதாகக் கடை திறந்தவர் நிற்பது சரியாக அங்கேதான். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகள் வரிசையாக வருகின்றன. வாதுக்கு வரச் சொல்லி அறிஞர்கள் ஏற்றிய கொடியும் அதில் உண்டு, கள்ளுக்கடைக் கொடியும் உண்டு. கொடி கட்டியதற்காக, அந்தப் பாட்டைப் பாடிய உருத்திரங்கண்ணனார் யார்மேலும் முகம் சுளிக்கவில்லை. கூடுதலாக வாங்காமல், குறைத்துக் கொடுக்காமல் விற்ற நடுநிலை நெஞ்சுக்காரர்கள் என்று அவ்வூர் வணிகர்களைப் பாராட்டுவதும் அதே பாட்டுதான்.

கொடி ஏற்றலாம் என்றால் குற்றம் எங்கே தொடங்குகிறது? பார்சலைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன அட்டை கிடக்கும். ஐந்து ஸ்டார் கொடுங்கள், ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள், 50 ரூபாய் திருப்பித் தருகிறோம் என்றிருக்கும். என் பார்வையில் கோடு அந்த அட்டையில்தான் விழுகிறது. கடைக்காரர் தன் வாயால் பேசும்வரை அது விளம்பரம். கேட்பவர் அதற்கேற்பத் தள்ளுபடி செய்துகொள்வார். வாடிக்கையாளர் வாயால் பேசும்போது அது சாட்சி. சாட்சி என்றால் இந்த மண்ணுக்கு விளையாட்டல்ல. கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பியத்தில் இறைவனுக்குப் பெயரே சாட்சிநாதர். வணிகர் குலப் பெண்ணொருத்தி அங்கே நடந்த தன் திருமணத்தை மதுரையில் மெய்ப்பிக்க முடியாமல் தவித்தபோது, வன்னி மரமும் கிணறும் லிங்கமும் மதுரைக்கே வந்து சாட்சி நின்றதாகத் திருவிளையாடற் புராணம் கதையை முடிக்கிறது. அந்த மூன்றும் அவளுக்கு வேண்டியவை என்பதற்காக வரவில்லை. கல்யாணத்தின்போது அங்கே இருந்தவை, அதனால் வந்தன. 50 ரூபாய்க்கு எழுதுகிறவர் எங்கே இருந்தார்?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சரக்கு நிஜமாகவே நன்றாயிருக்கிறது, நாலு பொய் நட்சத்திரம் ஆளைக் கடைக்குள் கொண்டுவருகிறது, சாப்பிட்டவர் மகிழ்ச்சியோடு போகிறார், யாருக்கு நஷ்டம்? குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவரே இடம் தந்திருக்கிறாரே என்பார்கள். அந்தக் குறளில் கனம் முழுவதும் ‘குற்றமற்ற’ என்பதில் இருக்கிறது. அடுத்த கடைக்காரர் ஆறு மாதம் பாடுபட்டுச் சேர்த்த பத்து மெய்யான நட்சத்திரம், இவர் ஒரே நாளில் வாங்கிய 50க்குக் கீழே போய்விடுகிறது. பிறகு அவர் இவருக்கு ஒரு ஸ்டார் போட ஆள் பிடிப்பார். திருவானைக்காவின் சிலந்தியும் யானையும் ஒரே லிங்கத்துக்குத்தான் தொண்டு செய்தன. ஒன்று மற்றதன் வேலையைக் கலைத்துக் கலைத்து, கடைசியில் இரண்டும் செத்தன. இன்னொரு மறுப்பு குறும்பானது. தலபுராணம் மட்டும் என்ன, ஒவ்வோர் ஊரும் தன்னைப்போல் தலமில்லை என்று சொல்லிக்கொள்வது விளம்பரம் இல்லையா? விளம்பரம்தான். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் திருவானைக்காப் புராணத்தைத் தன் பெயரில் பாடினார். புகழ்வது யார், எதற்காகப் புகழ்கிறார் என்பது படிப்பவருக்குத் தெரியும். மிகையை நம் அணியிலக்கணம் உயர்வு நவிற்சி என்று பெயரிட்டே ஏற்றிருக்கிறது. இரவல் குரலுக்கு அப்படியோர் அணி இல்லை.

சட்டமும் தாமதமாக இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டோ வேறு தொடர்பினாலோ ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு நெறிமுறைகள். அதே ஆண்டு நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அது விரும்பினால் ஏற்கும் தரமாகத்தான் வந்தது. எந்த நெறிமுறையும் எட்டிப் பார்க்காத சின்ன இடங்கள் பாக்கி. மாவு விற்கும் அத்தைக்கு அண்ணன் மகள் ஐந்து ஸ்டார் போடுகிறாள். அவள் பத்து வருஷமாக அந்த மாவில்தான் இட்லி சாப்பிடுகிறாள். வன்னி மரம்போல உடனிருந்த சாட்சி. உறவை மறைத்தால் மட்டும் அது இரவல் குரலாகும். ‘என் அத்தை கடை’ என்று தொடங்கி எழுதினால் போதும். அப்படி எழுதினால் யாரடி நம்புவார்கள் என்று அத்தையே கேட்கக்கூடும். அடுத்த வரியில், சித்திரை வெயிலுக்கு இந்த மாவு சீக்கிரம் புளித்துவிடும், காலையில் வாங்கினால் ராத்திரிக்குள் ஊற்றிவிடுங்கள் என்றும் அவள் எழுதட்டும். 50 ரூபாய்க்கு எழுதுகிறவருக்கு அது தெரிந்திருக்காது.